இரண்டு மேலாளர், பல நாடு: மேட்ரிக்ஸ் நிறுவனத்தில் வேலை செய்ய ஊழியர்களைப் பழக்குவது எப்படி?

"வெவ்வேறு நாட்டு டீம்கள் ஒத்துப்போக மாட்டேன் என்கின்றன, ஒரு ட்ரெயினிங் ஏற்பாடு செய்யுங்கள்" என்று மேலிடத்திலிருந்து உங்களிடம் சொல்லிவிட்டார்கள். இதற்குமுன் இந்த வேலையை நீங்கள் செய்ததில்லை. எங்கே தொடங்குவது, எதைத் தவிர்ப்பது என்று குழம்பி நிற்பவருக்காக இதை எழுதுகிறேன்.

மேட்ரிக்ஸ் அமைப்பில் ஒரு ஊழியருக்கு இரண்டு மேலாளர்கள். ஒருவர் கணக்கு, பொறியியல், விற்பனை என்று அவருடைய துறையைப் பார்ப்பவர். இன்னொருவர் ஒரு ப்ராஜெக்டையோ, நாட்டையோ, பொருள் வரிசையையோ பார்ப்பவர். முதலாமவரை நேர்கோட்டிலும் அடுத்தவரைப் புள்ளிக்கோட்டிலும் வரைந்து காட்டுவார்கள். 1960-களில் அமெரிக்க விமான, விண்வெளித் தொழிலில் இது பெரிதாகப் பரவியது. ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் பதில் சொல்ல ஒருவர் வேண்டும் என்று அரசு கேட்டது. ப்ராஜெக்டுக்கு ஒரு பொறியாளர் படையைத் தனியாக வைத்துக்கொள்ள நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அதனால் நிபுணர்கள் தங்கள் துறையில் இருந்தபடியே ப்ராஜெக்டுகளுக்கும் வேலை செய்தார்கள். பிறகு பன்னாட்டு நிறுவனங்கள் இதை எடுத்துக்கொண்டன. ஒரு சுவீடன் நிறுவனமும் ஒரு சுவிட்சர்லாந்து நிறுவனமும் சேர்ந்து 1988-இல் உருவான ஏபிபி, பெர்சி பார்னெவிக் தலைமையில், நாடு ஒரு பக்கம் தொழில் பிரிவு ஒரு பக்கம் என்று நடத்திக் காட்டி வணிகப் பள்ளிகளில் பாடமானது. அதே ஏபிபி 1998-இல் அந்த அமைப்பைக் கலைத்தும் விட்டது. தேர்ந்தவர்களுக்கே சிரமமான அமைப்பு இது. உங்கள் ஊழியர்கள் திணறுகிறார்கள் என்றால், குறை அவர்களிடம்தான் என்று தொடங்காதீர்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலாச்சாரப் பிரச்சினை என்ற பெயரில் உங்கள் மேசைக்கு வருவதில் பெரும்பகுதி, யார் முடிவெடுப்பது என்று தீராத பிரச்சினைதான். இரண்டு மேலாளர்களும் பேசித் தீர்க்காத விஷயம் கீழே வரும்போது, 'அந்த நாட்டுக்காரர்களே அப்படித்தான்' என்று உருமாறிவிடுகிறது. எனவே பயிற்சியின் வரிசை இதுதான்: முதலில் அதிகாரம், அடுத்து பழக்கவழக்கம்.

ஒரே நாடு, ஒரே மொழி என்றால் இந்தச் சிக்கல் இருக்காது என்று நினைப்பவர்களுக்கு 1999-ஆம் ஆண்டுக் கதை ஒன்று இருக்கிறது. செவ்வாய்க்குப் போன மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் அந்த செப்டம்பரில் தொலைந்தது. லாக்ஹீட் மார்ட்டின் தந்த மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அளவில் கொடுத்தது. நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் அதை நியூட்டன் அளவு என்று எடுத்துக்கொண்டது. வழிசெலுத்தும் குழுவில் சிலருக்குச் சந்தேகம் எழுந்தும் அது முறையான பாதையில் மேலே போகவில்லை. இரண்டு பக்கமும் அமெரிக்கர்கள், இரண்டு பக்கமும் பொறியாளர்கள். கலாச்சார வகுப்பு எடுத்திருந்தாலும் அந்த விண்கலம் பிழைத்திருக்காது.

படி 1: தேங்கி நின்ற வேலைகளைத் திரட்டுங்கள்

பாடத்திட்டம் எழுத உட்காராதீர்கள். கடந்த மூன்று மாதத்தில் எந்த வேலை எங்கே நின்றது என்று பதினைந்து இருபது பேரிடம் கேளுங்கள். "உங்களுக்கு என்ன பயிற்சி வேண்டும்?" என்று கேட்டால் பொதுப்படையான பதில்தான் வரும். "கடைசியாக எந்த வேலையை இரண்டு முறை செய்ய வேண்டி வந்தது? ஏன்?" என்று கேட்டால் சம்பவம் வரும். இரு மேலாளர்களிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். தலைமை அலுவலகத்தில் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், கிளை அலுவலகங்களில்தான் சரக்கு அதிகம்.

வந்த சம்பவங்களை மூன்றாகப் பிரியுங்கள். யார் முடிவெடுப்பது என்று தெரியாமல் நின்றவை ஒரு கட்டு. பேசும், எழுதும், மறுக்கும் விதம் வேறுபட்டதால் நின்றவை இன்னொரு கட்டு. நேர வித்தியாசம், விடுமுறை, ஃபைல் எங்கே இருக்கிறது என்பது போன்றவை மூன்றாவது. இரண்டாவது கட்டுக்குத்தான் வகுப்பறைப் பயிற்சி முழுதாகப் பயன்படும். முதல் கட்டுக்கு மேலாளர்கள் உட்கார்ந்து பேச வேண்டும். மூன்றாவதற்கு ஒரு பக்க விதிமுறை போதும். இந்தப் பிரிப்பைப் பயிற்சி கேட்டவரிடம் காட்டி, "இதில் இவ்வளவுதான் பயிற்சியால் தீரும்" என்று சொல்லிவிடுங்கள். இந்த வேலையிலேயே தைரியம் தேவைப்படும் இடம் இதுதான்.

படி 2: முடிவுகளின் வரைபடம்

ரேசி அட்டவணை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒவ்வொரு வேலைக்கும் செய்பவர் யார், பதில் சொல்ல வேண்டியவர் யார், யாரிடம் ஆலோசனை கேட்க வேண்டும், யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று எழுதும் கட்டம் அது. பதில் சொல்பவர் ஒரு வேலைக்கு ஒருவர்தான் இருக்கலாம். நல்ல கருவிதான், ஆனால் எண்பது வரியில் அதை நிரப்பி ஃபோல்டரில் போட்டுவிட்டு யாரும் திறந்து பார்ப்பதில்லை என்பதும் எல்லோருக்கும் தெரிந்த கதை.

அதனால் பத்து முடிவுகளுக்கு மேல் எடுக்காதீர்கள், அதுவும் சண்டை வருகிற பத்தை. தேதியைத் தள்ளிப்போட யார் சம்மதம் வேண்டும்? வாடிக்கையாளருக்கு விலை குறைக்க யார் சொல்லலாம்? ஊழியர் விடுப்புக்கு யார் கையெழுத்து? இரண்டு வேலை மோதினால் எது முந்தி? பதவிப்பெயர் போட்டு நிரப்பாதீர்கள், ஆள்பெயர் போட்டு நிரப்புங்கள்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இரண்டு மேலாளர்களையும் சேர்த்து உட்காரவைத்து நிரப்பச் சொன்னால், நாகரிகம் கருதி ஒருவர் விட்டுக்கொடுத்துவிடுவார். பதவியில் பெரியவர் முன்னால் மறுத்துப் பேசாத சூழலில் வளர்ந்தவர் என்றால் கேட்கவே வேண்டாம். எனவே முதலில் தனித்தனியாக நிரப்பச் சொல்லுங்கள். அந்த ஊழியரையும் மூன்றாவதாக ஒரு தாளில் நிரப்பச் சொல்லுங்கள். பிறகு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எந்தக் கட்டங்களில் பதில் வேறுபடுகிறதோ, அவைதான் உங்கள் பாடத்திட்டம். இருவருமே 'நான்தான்' என்று எழுதிய கட்டத்தைவிட, இருவருமே 'அவர்தான்' என்று எழுதிய கட்டம் ஆபத்தானது. முந்தையதில் சண்டையாவது வரும். பிந்தையதில் வேலை அநாதையாகக் கிடக்கும், யாருக்கும் தெரியாது.

படி 3: மேலாளர்களை முதலில் உட்காரவையுங்கள்

ஊழியருக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு மேலாளர்களை விட்டுவிடுவது வழக்கமாக நடக்கும் கூத்து. "முன்னுரிமையைத் தெளிவாகக் கேளுங்கள்" என்று வகுப்பில் கற்றுக்கொண்டு போய்க் கேட்கிறார். "இரண்டுமே முக்கியம்தான்" என்று பதில் வருகிறது. பயிற்சி அங்கேயே செத்தது.

ஒரு ஊழியரைப் பகிர்ந்துகொள்ளும் இரு மேலாளர்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். அவர்கள் மூன்று விஷயங்களை முடிவு செய்துவிட்டு எழுந்தால் போதும். ஊழியரின் வாரம் எந்த விகிதத்தில் பிரிகிறது? மோதல் வந்தால் யார் யாரை, எத்தனை நேரத்துக்குள் கூப்பிடுவது? வருடாந்திர மதிப்பீட்டில் புள்ளிக்கோட்டு மேலாளரின் கருத்து எப்படிச் சேரும்?

கடைசிக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மதிப்பெண் போடுபவர் சொல்லும் வேலையைத்தான் யாரும் முதலில் செய்வார்கள், அது மனித இயல்பு. ப்ராஜெக்ட் மேலாளரின் குரல் மதிப்பீட்டில் ஒலிக்காத இடத்தில், 'ஒத்துழைப்பு' பற்றி எத்தனை வகுப்பு எடுத்தாலும் ப்ராஜெக்ட் வேலை இரண்டாம் இடத்தில்தான் இருக்கும்.

படி 4: கலாச்சாரத்தைக் கற்றுத்தரும் முறை

ஜெர்மானியர் இப்படி, ஜப்பானியர் அப்படி, பிரேசில்காரர் வேறு மாதிரி என்று ஸ்லைடு போடும் பயிற்சிகளை நான் வெறுக்கிறேன் என்றே சொல்லலாம். கேட்பவர்களுக்குச் சுவாரசியமாக இருக்கும், சிரிப்பார்கள். மறுநாள் எதிரில் இருக்கும் ஆளைப் பார்க்காமல் ஸ்லைடைப் பார்த்துப் பேசத் தொடங்குவார்கள்.

அந்த ஸ்லைடுகளுக்கு மூலம் பெரும்பாலும் நெதர்லாந்தைச் சேர்ந்த கீர்ட் ஹோஃப்ஸ்டெட செய்த ஆய்வு. 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் திரட்டிய 1 லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்வித்தாள்களை வைத்து, அதிகார இடைவெளி, தனிமனிதப் போக்கு, நிச்சயமின்மையைத் தவிர்த்தல் போன்ற அளவுகோல்களில் நாடுகளை ஒப்பிட்டார். அவை நாட்டுச் சராசரிகள். தனி மனிதரை அளக்க அவற்றைப் பயன்படுத்தக்கூடாது என்று அவரே எச்சரித்திருக்கிறார். அமெரிக்க மானுடவியலாளர் எட்வர்ட் டி. ஹால் சொன்ன வேறுபாடும் பயனுள்ளது. சிலர் சொல்லவேண்டியதை வார்த்தையிலேயே சொல்லிவிடுவார்கள். சிலர் பாதியைச் சூழலுக்கும் உறவுக்கும் விட்டுவிடுவார்கள். இவற்றைத் தூக்கி எறிய வேண்டாம், கேள்விகளாக மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் டீமில் 'முடியாது' என்பதை எப்படிச் சொல்வீர்கள்? முடிவு மீட்டிங்கில் நடக்குமா, மீட்டிங்குக்கு முன்பே நடந்துவிடுமா? தேதி என்பது வாக்குறுதியா, உத்தேசமா? தவறு நடந்தால் முதலில் யாருக்குத் தெரியவேண்டும்? பயிற்சிக்கு வந்தவர்கள் தங்கள் டீமுக்கு இந்த நான்குக்கும் பதில் எழுதி, மற்ற டீமுடன் மாற்றிப் படித்தாலே அரை நாள் ஓடிவிடும்.

நாட்டைவிடத் துறை வேறுபாடு பெரிதாக வெளிப்படுவதையும் பார்ப்பீர்கள். ஒரு நாட்டுக் கணக்காளருக்கு இன்னொரு நாட்டுக் கணக்காளரைப் புரிந்துகொள்வது, தன் சொந்த நாட்டு விற்பனைக்காரரைப் புரிந்துகொள்வதைவிட எளிது. அப்புறம், தலைமை அலுவலகத்தின் பழக்கங்கள் 'நடைமுறை' என்றும் மற்றவர்களுடையவை 'கலாச்சாரம்' என்றும் அழைக்கப்படுவதைக் கவனியுங்கள். தலைமை அலுவலக ஆட்களும் அந்த நான்கு கேள்விக்குப் பதில் எழுதியாக வேண்டும்.

பேச்சைவிட விளையாட்டு நன்றாக உறைக்கும். சிவசைலம் தியாகராஜன் என்ற பயிற்சி வடிவமைப்பாளர் 1980-இல் லைபீரியாவில் வேலை பார்த்தபோது உருவாக்கிய 'பார்ங்கா' என்ற சீட்டாட்டம் இன்றும் உலகமெங்கும் நடத்தப்படுகிறது. ஒவ்வொரு மேசையிலும் நாலைந்து பேர், ஏஸ் முதல் 7 வரை 28 சீட்டுகள், ஒரு விதித்தாள். படித்து, கொஞ்சம் பழகியதும் தாள்களை வாங்கிக்கொள்வார்கள். அதன்பின் பேசக்கூடாது, எழுதக்கூடாது, சைகையும் படமும் மட்டும். ஜெயித்தவர் ஒரு மேசைக்கும் தோற்றவர் இன்னொரு மேசைக்கும் மாறுவார்கள். மேசைக்கு மேசை விதி வேறு என்று மட்டும் யாரிடமும் சொல்வதில்லை. ஒரு மேசையில் ஏஸ்தான் பெரிது, இன்னொன்றில் அதுவே சிறிது. ஒன்றில் துருப்பு உண்டு, மற்றதில் கிடையாது.

மாறிவந்தவர் தன் ஏஸைப் போட்டுப் பிடியை எடுக்கக் கை நீட்டுவார். எதிரில் இருப்பவரும் அதே நேரத்தில் நீட்டுவார். இருவரும் ஒருவரை ஒருவர் முறைப்பார்கள். சிலர் 'இவன் ஏமாற்றுகிறான்' என்று முடிவு கட்டுவார்கள். சிலர் 'எனக்குத்தான் சரியாகப் புரியவில்லை போல' என்று ஒதுங்கிக்கொள்வார்கள். மிகச் சிலருக்கே 'விதி வேறாக இருக்குமோ' என்று தோன்றும், தோன்றினாலும் அதைச் சொல்ல வழியில்லை. ஆட்டம் முடிந்ததும் உடனே விளக்கம் சொல்லிவிடாதீர்கள். யார் விட்டுக்கொடுத்தார், ஏன், வலியச் சீட்டை எடுத்தவர் யார், அந்த மேசைக்காரர்கள் பெரும்பான்மையாக இருந்ததால் ஜெயித்தார்களா என்று கேட்டுக்கொண்டே போங்கள். ஆட்டத்துக்கு எடுத்த நேரத்துக்குக் குறையாமல் இந்தப் பேச்சுக்கும் ஒதுக்குங்கள். ஆட்டம் வேடிக்கை, பாடம் பேச்சில்தான் இருக்கிறது.

படி 5: வேலையில் வரும் பேச்சையே ஒத்திகை பாருங்கள்

பயிற்சியின் நடுப்பகுதி முழுக்க ஒத்திகைக்கு. படி 1-இல் திரட்டிய சம்பவங்களை, பெயர் மாற்றி, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் உதாரணம். தரவு ஆய்வாளர் ஒருவர். துறை மேலாளர் காலாண்டு அறிக்கையைப் புதன்கிழமை கேட்கிறார். வேறு நாட்டில் இருக்கும் ப்ராஜெக்ட் மேலாளர் வாடிக்கையாளர் கணிப்பை அதே புதன்கிழமை கேட்கிறார். ஊழியர் இருவரிடமும் சரி என்கிறார், செவ்வாய் இரவு தூங்காமல் வேலை செய்கிறார், புதன்கிழமை இரண்டும் அரைகுறையாகப் போகின்றன. இவருக்குக் கற்றுத்தர வேண்டியது நேர நிர்வாகம் இல்லை. திங்கட்கிழமையே எழுதவேண்டிய ஒரு கடிதம்:

"உங்கள் இருவரின் வேலைக்கும் புதன்கிழமைதான் கெடு. இரண்டுக்கும் சேர்த்து 20 மணி நேரம் ஆகும், என்னிடம் இருப்பது 12. காலாண்டு அறிக்கையை முதலில் முடித்து, கணிப்பை வெள்ளிக்கிழமை தரலாம் என்று நினைக்கிறேன். மாற்ற வேண்டுமானால் நாளைக் காலை 10 மணிக்குள் இருவரும் பேசிச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் இந்த வரிசையில் தொடங்கிவிடுகிறேன்."

இதில் புகார் இல்லை, கெஞ்சல் இல்லை. அளவு இருக்கிறது, யோசனை இருக்கிறது, முடிவெடுக்கும் வேலை உரியவர்களிடம் போய்ச் சேர்கிறது. ஒவ்வொருவரும் தன் சொந்த மோதல் ஒன்றுக்கு இப்படி ஒரு கடிதம் எழுதட்டும், பக்கத்தில் இருப்பவர் மேலாளராகப் பதில் போடட்டும்.

இங்கேதான் கலாச்சாரம் உண்மையிலேயே குறுக்கே வரும். இரண்டு மேலாளர்களையும் ஒரே கடிதத்தில் சேர்ப்பது சில இடங்களில் சாதாரணம். சில இடங்களில் அது மேலாளரைச் சபையில் நிறுத்திக் கேள்வி கேட்பதற்குச் சமம். அங்கே முதலில் துறை மேலாளருக்கு ஒரு ஃபோன், "இப்படி எழுதப்போகிறேன், சரியா?" என்று கேட்டுவிட்டு, அப்புறம் கடிதம். மேலாளர்களே படி 3-இல் 'மோதல் வந்தால் எங்கள் இருவருக்கும் சேர்த்தே எழுது' என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தால் இன்னும் நல்லது. அனுமதி மேலிருந்து வந்துவிட்டால் மரியாதைக் குறைவு என்ற பயம் குறையும்.

மாற்றுக் கருத்தைக் கேட்பதிலும் இதே கதைதான். "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று மீட்டிங்கில் கேட்டால் எப்போதும் பேசுபவர்களே பேசுவார்கள். "இந்தத் திட்டம் எங்கே சொதப்பும்? ஆளுக்கு ஒன்று எழுதுங்கள், இரண்டு நிமிடம்" என்று கேட்டால் எல்லோரும் எழுதுவார்கள். சந்தேகப்படுவதையே வேலையாகக் கொடுத்துவிட்டதால், மேலாளரை எதிர்ப்பது ஆகாது. மேலாளர்களுக்கு இந்த ஒரு பழக்கத்தை மட்டுமாவது ஏற்றிவிடுங்கள்.

பொது மொழி ஆங்கிலம் என்றால், திணறுபவர்களுக்கு மட்டும் மொழி வகுப்பு போடாதீர்கள். சரளமாகப் பேசுபவர்களுக்கும் பயிற்சி தேவை: குறுகிய வாக்கியம், கிரிக்கெட் பேஸ்பால் உவமைகள் வேண்டாம், ஒரு கேள்வி கேட்டால் ஐந்தாறு நொடி காத்திருத்தல், விவாதப்பொருளை முந்தின நாளே எழுதி அனுப்புதல். அந்த ஐந்தாறு நொடி மௌனத்தைத் தாங்குவது பேச்சாளிகளுக்கு எவ்வளவு கடினம் என்பதை ஒத்திகையில் பார்த்தால் சிரிப்பு வரும்.

படி 6: சில்லறை விஷயங்களுக்கு ஒரு பக்க விதி

இதற்கு வகுப்பு வேண்டாம், ஒரு தாள் போதும். தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள், ஏனென்றால் 05/06 என்பது அமெரிக்காவில் மே 6, ஐரோப்பாவில் ஜூன் 5. நேரத்தைச் சொல்லும்போது நேர மண்டலத்தையும் சொல்லுங்கள். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை மாற்றுகிறது, ஐரோப்பா கடைசி ஞாயிறன்று, ஆசியாவின் பல நாடுகள் மாற்றுவதே இல்லை. இடைப்பட்ட அந்த இரண்டு மூன்று வாரத்தில் வழக்கமான மீட்டிங்குகள் ஒரு மணி நேரம் இடம் மாறிவிடும். சவூதி அரேபியாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. ஐக்கிய அரபு அமீரகம் 2022-இல் சனி, ஞாயிறுக்கு வந்துவிட்டது. நள்ளிரவு மீட்டிங்கின் சுமையை ஒரே ஊர்க்காரர் தலையில் கட்டாமல் மாதாமாதம் சுழற்றுங்கள்.

படி 7: இரண்டு நாள் திருவிழா வேண்டாம்

ஹெர்மான் எபிங்ஹவுஸ் 1885-இலேயே தன் நினைவைத் தானே சோதித்துக் காட்டியது போல, ஒரே மூச்சில் படித்தது சீக்கிரம் மறக்கும், இடைவெளி விட்டுப் படித்தது நிற்கும். இரண்டு நாள் ஹோட்டல் பயிற்சிக்குப் பதிலாக, பன்னிரண்டு வாரத்தில் ஆறு அமர்வுகள், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். இடையில் ஒரு நிஜ வேலை: அந்தக் கடிதத்தை அனுப்பிப் பார்ப்பது, ஒரு மீட்டிங்கில் இரண்டு நிமிட எழுத்தைச் செய்து பார்ப்பது. அடுத்த அமர்வு 'என்ன ஆனது?' என்ற கேள்வியில் தொடங்கட்டும்.

நாடுவாரியாகத் தொகுதி பிரிப்பது நிர்வாகத்துக்கு வசதி, பயிற்சிக்கு வீண். ஒன்றாக வேலை செய்பவர்கள் ஒரே தொகுதியில் இருக்க வேண்டும், ஆன்லைனில் என்றாலும் சரி. புதிதாகச் சேர்பவருக்கு மட்டும் முதல் வாரத்திலேயே தனி அமர்வு. முடிவு வரைபடத்தைக் கையில் கொடுத்து, இரு மேலாளர்களிடமும் "முதல் மூன்று மாதத்தில் நான் எதைச் செய்தால் உங்களுக்குத் திருப்தி?" என்று தனித்தனியாகக் கேட்டு, இரண்டு பதிலையும் இருவருக்கும் அனுப்பச் சொல்லுங்கள். பதில்கள் முட்டிக்கொண்டால், மூன்றாவது மாதம் வெடிக்க வேண்டியது முதல் வாரமே தெரிந்துவிட்டது.

படி 8: பலன் தெரிகிறதா?

டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் பயிற்சி மதிப்பீட்டை நான்கு நிலையாகப் பிரித்தார்: பிடித்ததா, கற்றார்களா, நடத்தை மாறியதா, வேலையில் விளைவு தெரிகிறதா. பல நிறுவனங்கள் முதல் நிலையிலேயே, அதாவது அமர்வு முடிந்ததும் வாங்கும் ஃபீட்பேக் படிவத்திலேயே நின்றுவிடுகின்றன. மதிய உணவு நன்றாக இருந்தால் அந்த மதிப்பெண் ஏறும்.

நீங்கள் மூன்றாவது நிலையை எட்டிப் பார்த்தால் போதும். ஒரு முடிவு தேவைப்பட்ட நாளுக்கும் அது எடுக்கப்பட்ட நாளுக்கும் இடையே எத்தனை நாள்? இரண்டாம் முறை செய்த வேலைகள் எத்தனை? மீட்டிங்கில் எத்தனை பேர் வாய் திறந்தார்கள்? பயிற்சிக்கு முன் ஒரு மாதம், முடிந்து மூன்று மாதம் கழித்து ஒரு மாதம் குறித்துவையுங்கள். மேலிடத்துக்கு மோதல் புகார்கள் போவது தொடக்கத்தில் கூடலாம். மூடிவைத்திருந்தவை வெளியே வருகின்றன என்று மேலிடத்துக்கு முன்பே சொல்லிவைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பயிற்சியால் சண்டை வந்தது என்று உங்கள் தலையில் விடியும்.

முடிவு வரைபடத்துக்குக் காலாவதி தேதி போடுங்கள், ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குள் ஒரு மேலாளர் மாறினால், புதியவர் வந்த முதல் வாரத்திலேயே மூன்று தாள்களையும் மறுபடி தனித்தனியாக நிரப்பச் சொல்லுங்கள்.